பேரீச்சம்பழத்துக்குப் போடும் முன் ஒரு கணக்கு

(இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு)



"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" இந்தக் கூவலைக் கேட்காத தெரு ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் இருந்திருக்காது. தள்ளுவண்டிக்காரர் ஓட்டைப் பானையை வாங்கிக்கொண்டு ஒரு பொட்டலம் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த வியாபாரம் இன்று அநேகமாக மறைந்துவிட்டது. அது விட்டுச்சென்ற பேச்சு மட்டும் மறையவில்லை. கல்லூரி வாசலில் யாராவது ஒரு கிழட்டு பைக்கை உதைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ணினால், "டேய், பேரீச்சம்பழத்துக்குப் போடுடா!" என்று இப்போதும் கத்துகிறோம்.

கேலி இருக்கட்டும். ஒரு பானைக்கு எத்தனை பழம் என்று முடிவு செய்தது யார்? பானையைக் கொடுத்த அம்மாவா? பழம் வைத்திருந்தவரா? பழம் வைத்திருந்தவர்தான்! தராசு அவர் கையில் இருந்தது. இரும்பின் அன்றைய விலையும் அவருக்குத்தான் தெரியும். இன்று பானை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. பழம் இருந்த இடத்தில் ரூபாய் நோட்டு. தராசு மட்டும் கை மாறவில்லை.

அந்தத் தராசை நம் பக்கம் கொஞ்சம் இழுக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கருத்து. ஒரு பழைய காரின் கழிவு மதிப்பை நாலு பேர் முன்னால் கணக்குப் போட்டுக் காட்டும் திறமை டிப்ளமோ படிக்கிற நமக்கு வேண்டும். அதை நம் வீட்டுக்கும் தெருவுக்கும் செய்து கொடுக்கவும் வேண்டும்.

ஏட்டில் உள்ள கழிவு மதிப்பு

தேய்மானப் பாடத்தில் எல்லோரும் போட்ட கணக்குதான் இது. காரின் விலை 5,00,000 ரூபாய். ஆயுள் 10 ஆண்டு. ஸ்கிராப் வேல்யூ 50,000 ரூபாய். ஆண்டுத் தேய்மானம் எவ்வளவு? விலையிலிருந்து கழிவு மதிப்பைக் கழித்து, ஆயுளால் வகுத்தால் 45,000. முழு மதிப்பெண்!

ஆனால் அந்த 50,000 எங்கிருந்து வந்தது? கேள்வித்தாளிலேயே கொடுத்துவிடுகிறார்கள். வெளியே வந்து பார்த்தால் தலைகீழாக இருக்கிறது. கார் விலை பழைய ரசீதில் இருக்கிறது. ஆயுள் எவ்வளவு என்று கண்ணால் பார்க்கலாம். அந்தக் கழிவு மதிப்பு ஒன்றைத்தான் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பாடத்தில் இன்னொரு சொல்லும் வரும்: சால்வேஜ் வேல்யூ. பொருளை உடைக்காமல், இருக்கிற நிலையிலேயே விற்றால் கிடைப்பது சால்வேஜ் வேல்யூ. உடைத்துப் பிரித்து இரும்பு, செம்பு, ஈயம் என்று எடை போட்டால் கிடைப்பது ஸ்கிராப் வேல்யூ. இரண்டு மதிப்பெண் கேள்விக்காக இதை மனப்பாடம் செய்கிறோம். இந்த வித்தியாசம் ஒரு குடும்பத்தின் நாலு மாதச் சோற்றுக்குச் சமமாக இருக்கலாம் என்பதை எங்கள் வீட்டில்தான் பார்த்தேன்.

சம்பளத்துக்குப் பதில் கார்

என் அப்பா ஆக்டிங் டிரைவர். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு பங்களாவில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சம்பளம் சேர்ந்து சேர்ந்து 45,000 ரூபாய் பாக்கி நின்றது. 2025 கோடை விடுமுறையில் ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, "பின்னாடி நிக்குதே அந்த ஐகான், அதை எடுத்துக்கோ. இரும்பு விலைக்குப் போட்டாலே அம்பதாயிரம் போகும். உன் பாக்கி போக உனக்குத்தான் லாபம்" என்றார்.

அப்பா உடனே சரி என்று சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் காயலான் கடை வைத்திருக்கும் ஒருவரை அழைத்துப் போய்க் காட்டினார். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றினார், பானட்டைத் திறந்தார், மூடினார். "பதினோராயிரம். இன்னைக்கே எடுத்துக்கிறேன்" என்றார்.

ஒருவர் வாயில் ஐம்பதாயிரம். இன்னொருவர் வாயில் பதினோராயிரம். ஒரே வண்டி! நடுவில் 39,000 ரூபாய்! ராத்திரி அப்பா என்னைக் கேட்டார்: "நீதான் வண்டிப் படிப்பு படிக்கிறியே, இது எவ்ளோ போகும்னு சொல்லு."

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு எந்த வண்டியைக் கொடுத்தாலும் ஓட்டத் தெரியும். சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் கிலோ கணக்கில் வண்டியைப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குத்தானே என்னைப் படிக்க வைத்தார்?

நம்ம ஊரில் பிறந்த வண்டி

அந்த ஐகான் வெளியூர் வண்டி அல்ல. 1999-இல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய கார் அது. "ஜோஷ் மெஷின்" என்று விளம்பரம் செய்தார்கள். நம் செங்கல்பட்டு வட்டாரத்தில் அந்த ஆலையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் எத்தனை! 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசிக் கார் வெளியே வந்தது.

அதற்கும் முன்னால் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கே செய்ததுதான். 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டு வந்தார்கள். அது ஓடவில்லை, 1980-களின் இறுதியில் ஆலையும் நின்றது. ஒரு காலத்தில் காயலான் கடைக்குப் போன ஹெரால்டை இன்று பழைய கார் பிரியர்கள் தேடித் தேடி வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். 50 ஆண்டு கடந்த வண்டிகளை வின்டேஜ் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு தனி விதியே கொண்டு வந்தது. ஆகவே எல்லாக் கிழட்டு வண்டியும் இரும்பு அல்ல. இது இரும்பா, வண்டியா என்பதே மதிப்பீட்டின் முதல் கேள்வி.

முதலாளி வீட்டு ஐகான் 2006 மாடல். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அது 2021-லேயே முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகிவிட்டது. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணம் என்பது மத்திய விதி. நாலு வருடத் தாமதத்துக்கு அதுவே 24,000! இன்சூரன்ஸ், பசுமை வரி, தரைத் தகடு வெல்டிங், நாலு டயர் எல்லாம் அதற்கு மேல். வண்டியாக ஓட்ட நினைத்தால் கையை விட்டுப் போகும் பணம்தான் அதிகம். இது இரும்புதான் என்று முடிவு செய்தேன்.

எடையில் இருந்து தொடங்குவோம்

எடை தெரியாமல் யாரும் இரும்பை விலை பேசக் கூடாது. காரின் எடையைத் தெரிந்துகொள்ளக் காரைத் தூக்க வேண்டியதில்லை. ஆர்.சி. புத்தகத்திலேயே அன்லேடன் வெயிட் என்று அச்சடித்திருக்கிறது. ஐகானுக்கு ஏறக்குறைய 1,000 கிலோ. மாருதி 800 என்றால் 650 கிலோ அளவில்தான் வரும். "கார்னா இவ்ளோதான் சார்" என்று மொத்தமாக விலை சொல்கிறவர் இந்த 350 கிலோ வித்தியாசத்தை ஒரே வார்த்தையில் விழுங்கிவிடுகிறார்.

ஆயிரம் கிலோவும் இரும்பு அல்ல. கண்ணாடி, ரப்பர், பிளாஸ்டிக், சீட்டுப் பஞ்சு, எண்ணெய் எல்லாம் சேர்த்து 230 கிலோ கழித்தேன். இன்ஜின் ஹெட், கியர்பாக்ஸ் கூடு முதலிய அலுமினியம் 45 கிலோ. ஒயரிங், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டாரிலிருந்து கழற்றும் செம்பு 6 கிலோ. பேட்டரி 12 கிலோ. இவை போக இரும்பு சுமார் 700 கிலோ.

இங்கேதான் கடல் வருகிறது. செங்கல்பட்டில் நின்ற காரும் மாமல்லபுரம் கடற்கரையில் நின்ற காரும் ஒன்றல்ல. கடல் காற்றில் உப்பு இருக்கிறது. அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் தகட்டின் மேல் பிடித்து வைக்கிறது. பெயின்ட் விரிசலுக்குள் நுழைந்து இரும்பைத் தின்கிறது. கதவின் அடிப்பாகம், சக்கர வளைவு, தரைத் தகடு, சீட்டுக்கு அடியில் கம்பளம் மூடிய இடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் குத்தினால் சில இடங்களில் அப்பளம் மாதிரி உடைந்தது. உதிர்ந்த துருவுக்கு எடையும் இல்லை, விலையும் இல்லை. நகைக்கடையில் சேதாரம் என்று சொல்வார்களே, அதுபோல இங்கே 100 கிலோ கழித்தேன். மீதி 600 கிலோ.

அடுத்தது விலை. திருக்கழுக்குன்றம் முதல் செங்கல்பட்டு வரை நாலு கடைகளில் விசாரித்து, நடுவான விலையை எடுத்துக்கொண்டேன். அந்த வாரத்து விலை இது. உங்கள் வாரத்தில் மாறியிருக்கும், முறை மாறாது.

இரும்பு 600 கிலோ, கிலோ 28 ரூபாய்: 16,800
அலுமினியம் 45 கிலோ, கிலோ 130 ரூபாய்: 5,850
செம்பு 6 கிலோ, கிலோ 600 ரூபாய்: 3,600
பேட்டரி 12 கிலோ, கிலோ 80 ரூபாய்: 960
டயர் நாலு, ஒன்று 200 ரூபாய்: 800
மொத்தம்: 28,010 ரூபாய்

அலுமினியத்துக்கு மட்டும் ஏன் இரும்பைப் போல நாலு மடங்குக்கு மேல் விலை என்று ஒரு நண்பன் கேட்டான். தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்கினால் அந்த ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும். மிச்சமாகும் அந்த மின்சாரத்துக்குத்தான் காயலான் கடையில் விலை கிடைக்கிறது.

இனி கழிக்க வேண்டியது. வண்டியைத் தூக்கி வரும் கூலி 3,000. உடைக்கும் கூலியும் கேஸ் கட்டிங் செலவும் 4,000. மீதி 21,010. கடைக்காரருக்கு வாடகை, லாபம் என்று 3,000 விட்டால் 18,000 ரூபாய்.

பட்டியலில் ஒன்றை இன்னும் சேர்க்கவில்லை. அதுதான் சைலன்சர் குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர். சென்னை உள்ளிட்ட நாலு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புது பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயம் ஆக்கினார்கள். அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. மொத்தமாக விலை பேசுகிறவர்கள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. நான் வாய் திறந்து கேட்ட பிறகு ஒரு கடைக்காரர் தனியாக 4,000 தருவதாகச் சொன்னார். ஆக, நியாயமான மதிப்பு 22,000 ரூபாய்.

முதலாளி சொன்னது இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கடைக்காரர் சொன்னது சரியாகப் பாதி. இருவருக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் போதுமானதாக இருந்தது.

வண்டியின் பாதி மதிப்பு காகிதத்தில்

இரும்பு மட்டும் கார் அல்ல. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, பெயர் மாற்றாமல் காயலான் கடையில் போட்டிருந்தால் என்ன ஆகும்? "இது யாருது?" என்று போலீஸ் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அப்பா. வண்டியின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வேறு ஏதாவது திருட்டு வண்டியில் போய் ஒட்டிக்கொண்டால், சம்மன் போவது ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு. உடைத்த வண்டியின் பதிவை ரத்து செய்யவில்லை என்றால், காகிதத்தில் அது ஓடிக்கொண்டே இருக்கும்! 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, வண்டி அழிந்துபோனாலோ இனி ஓடவே ஓடாது என்றாலோ உரிமையாளர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நம் தெருவில் எத்தனை பேர் இதைச் செய்கிறோம்?

2021-இல் மத்திய அரசு வாகனக் கழிப்புக் கொள்கையை அறிவித்தது. பதிவு பெற்ற கழிப்பு மையங்களுக்கான விதிகளும் அதே ஆண்டு வந்தன. அங்கே வண்டியை ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா, திருட்டு வண்டியா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் வாங்குவார்கள். புது வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை பழைய வண்டிக்குக் கழிவு மதிப்பாகக் கிடைக்கும் என்று கொள்கையில் சொல்லப்பட்டது. 5 லட்ச ரூபாய்க் கார் என்றால் 20,000 முதல் 30,000 வரை. என் வெள்ளைத் தாள் கணக்கும் அந்த வட்டத்துக்குள்தான் விழுந்தது.

இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டுதான் அப்பா முதலாளியிடம் போனார். நானும் கூடப் போனேன். "யாரு எழுதினது?" என்று கேட்டார். "எம் பையன் சார். டிப்ளமோ படிக்கிறான்" என்றார் அப்பா. முதலாளி கால்குலேட்டரை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அப்பா மெதுவாகச் சொன்னார்: "வண்டி உங்க பேர்ல இருக்கு சார். நீங்களே போட்டுடுங்க. எனக்குச் சம்பளத்தைக் காசா குடுத்துடுங்க." கொஞ்ச நேரம் பேச்சில்லை. கடைசியில் மூன்று தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டார். இரண்டு தவணை வந்துவிட்டது. மூன்றாவது இன்னும் வர வேண்டியிருக்கிறது. வண்டி பதிவு பெற்ற மையம் ஒன்றுக்குப் போனது. 20,500 ரூபாய் கிடைத்ததாம். நான் போட்டதற்கும் அதற்கும் 1,500 ரூபாய் வித்தியாசம். மதிப்பீடு என்றால் அந்த அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும்.

சலுகை யாருக்கு?

இனி என் குறையைச் சொல்கிறேன். ஒப்படைப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. மோட்டார் வாகன வரியில் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரை, வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரலாம் என்கிறது மத்திய விதி. நல்லதுதான். ஆனால் இது யாருக்குப் பயன்படும்? புதுக் கார் வாங்க வசதி உள்ளவருக்கு! இருபது வருட வண்டியை வைத்துக்கொண்டு மீன் கூடையும் இளநீரும் ஏற்றிப் பிழைக்கிறவர் புதுக் காரா வாங்கப் போகிறார்? மிஞ்சிப்போனால் இன்னொரு பழைய வண்டி வாங்குவார். அவருக்குக் கிடைப்பது இரும்பு விலை மட்டும்தான். அந்தப் பக்கமோ கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய்!

சான்றிதழை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று விதியில் இடம் இருக்கிறது. அதற்கும் ஒரு விலை உண்டு என்றுதானே பொருள்? அதையும் கழிவு மதிப்போடு சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது எத்தனை வண்டிக்காரர்களுக்குத் தெரியும்?

வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 2009-இல் ஜெர்மனி ஒன்பது வருடத்துக்கு மேற்பட்ட பழைய காரைக் கழித்துப் புதுக் கார் வாங்கியவர்களுக்கு 2,500 யூரோ கொடுத்தது. அதே ஆண்டு அமெரிக்கா 3,500 அல்லது 4,500 டாலர் கொடுத்தது. அங்கே இன்ஜினுக்குள் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டு, திரும்ப யாரும் பயன்படுத்த முடியாதபடி இறுக வைத்தார்கள். நல்ல ஸ்பேர் பார்ட்ஸ் எத்தனை வீணாகியிருக்கும்! நம் சென்னை புதுப்பேட்டைக்காரர்கள் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்கள். ஜப்பானில் 2005 முதல் ஒரு சட்டம். கார் வாங்கும்போதே அதைக் கழிக்கும் செலவையும் கட்டிவிட வேண்டும். கடைசியில் கையில் வைத்திருக்கும் ஏழையின் தலையில் அது விழுவதில்லை. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. இங்கேயும் 2025 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்துள்ள ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகள், கழிப்பதில் தயாரிப்பாளருக்கும் பொறுப்பு உண்டு என்கின்றன. அந்தப் பொறுப்பு கடைசி உரிமையாளரின் கையில் ரூபாயாக வந்து சேர வேண்டும்.

காயலான் கடைக்காரர் எதிரி அல்ல

இதைப் படித்துவிட்டு யாரும் காயலான் கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். இரும்பு விலை திடீரென இறங்கினால் நஷ்டம் அவருக்குத்தான். திருட்டு வண்டி என்று தெரியாமல் வாங்கினால் மாட்டுவதும் அவர்தான். அவரிடம் வேலை செய்கிற பையன்கள் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கேஸ் கட்டர் பிடிக்கிறார்கள். செம்புக்காக ஒயரை எரித்து அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். பேட்டரி அமிலமும் இன்ஜின் ஆயிலும் மண்ணில் இறங்குகின்றன. இதற்கெல்லாம் நாம் போட்ட கணக்கில் ஒரு வரி கூட இல்லை. பாதுகாப்பாக உடைக்கச் செலவாகும் என்றால், அதையும் தாளில் எழுதிக் கழிப்போம். மறைத்துக் கழிப்பதுதான் கூடாது.

ஆலைக்கும் அதே கணக்கு

மறைமலைநகர் ஆலை நின்றபோது அதையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருக்கலாம். கூரைத் தகடு, கிரேன், பிரஸ் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டால் ஒரு தொகை வந்திருக்கும். ஆனால் 2024 செப்டம்பரில் ஏற்றுமதி உற்பத்திக்காக அந்த ஆலையைப் பயன்படுத்தப்போவதாக ஃபோர்டு நிறுவனம் தமிழ்நாடு அரசிடம் விருப்பக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபரில் அங்கே இன்ஜின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் முதலீட்டுக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தமும் ஆனது. 2029-இல் உற்பத்தி தொடங்கும் என்றார்கள். உடைக்காமல் வைத்திருந்ததால் கிடைத்த மதிப்பு இது. சால்வேஜ் வேல்யூவுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது?

நாம் என்ன செய்யலாம்?

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இது. மாதம் ஒரு சனிக்கிழமை நம் ஒர்க்‌ஷாப்பில் மதிப்பீட்டு முகாம் நடத்துவோம். ஆட்டோக்காரர், வேன்காரர், மீனவர், யாராக இருந்தாலும் ஆர்.சி.யோடு வரட்டும். எடை, துரு, உலோகம், பார்ட்ஸ், காகிதம் என்று ஐந்து தலைப்பில் ஒரு தாள் எழுதிக் கொடுப்போம். அந்த வாரத்து இரும்பு, அலுமினியம், செம்பு விலையை வாசல் கரும்பலகையில் எழுதி வைப்போம். எடை மேடையில் ஏற்றாமல் விற்க வேண்டாம் என்று சொல்வோம். தூக்கும் லாரியை முதலில் காலியாக எடை போட்டு, பிறகு காரோடு எடை போட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சீட்டாக வாங்கினால் போதும். யாரும் ஏமாற்ற முடியாது.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். ரேஷன் கடையில் இருப்பு விவரத்தை எழுதி வைப்பது போல, ஒவ்வொரு பதிவு பெற்ற கழிப்பு மையத்தின் வாசலிலும் அன்றைய கிலோ விலையைத் தமிழில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். சான்றிதழின் சலுகை, புதுக் கார் வாங்காதவருக்கும் ஏதாவது ஒரு வகையில் போய்ச் சேர வேண்டும்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டயதாரிகள். வேலை கிடைத்த பிறகுதான் படிப்பு வீட்டுக்கு உதவும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. வகுப்பில் போட்ட ஒரு சாதாரண கழித்தல் கணக்கு இன்றைக்கே உதவும். உங்கள் தெருவில் தார்ப்பாயால் மூடி ஒரு பழைய வண்டி நிச்சயம் நிற்கிறது. அதன் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். எடையை எழுதுங்கள். கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்னால் நாம் சொல்வோம்!